குட்டி யானையில் ஏறும் அழகு



சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு ஒரு காட்சி மனப்பாடம். கேட்டில் 'டு-லெட்' பலகை. சாவிக்கொத்தோடு முன்னால் மாடியேறும் ஹவுஸ் ஓனர். ஜன்னலைத் திறந்து "நல்லா காத்து வரும்" என்கிறார். குழாயைத் திறந்து "தண்ணிக்குப் பிரச்சினையே இல்ல" என்கிறார். வாடகை, அட்வான்ஸ், மெயின்டனன்ஸ் எல்லாம் பேசி முடித்துச் செருப்பை மாட்டும் நேரத்தில் திரும்பி நின்று சொல்கிறார்: "ஒண்ணே ஒண்ணு சார். சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது."

அந்த ஒன்று சீக்கிரமே ஒன்பதாகும். பெயிண்ட் மாற்றக் கூடாது. டிரில் போடக் கூடாது. கதவில் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. பால்கனியில் தொட்டி வைத்தால் கீழ்வீட்டுக்குத் தண்ணீர் சொட்டக் கூடாது. பதினோரு மாத ஒப்பந்தத்தோடு இந்த வீட்டுக்குள் நுழையும் குடும்பம் என்ன செய்யும்? பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. "நம்ம வீடா என்ன?" என்ற ஒரு வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிடும். ஆறு வருஷம் அதே வீட்டில் இருந்தாலும் மூட்டை கட்டிவைத்த சாமான் பரணிலேயே இருக்கும். ஹாலில் ஒரு டியூப் லைட் எரியும். சொந்த வீடு வந்தபிறகு அழகைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாழ்க்கையின் நல்ல வருஷங்கள் தள்ளிப்போடப்படும். இந்தத் தள்ளிப்போடலுக்கு எதிரான பேச்சு இது.

முதலில் ஓனர் கட்சியைக் கேட்டுவிடுவது நியாயம். ஆணிக்கு ஏன் இத்தனை பயம் என்று குடியிருப்பவர்கள் கேலி பேசுவார்கள். கேலிக்கு முன்னால் சுவரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். செங்கல் சுவரின் உட்புறச் சிமென்ட் பூச்சு வழக்கமாக 12 மில்லிமீட்டர் கனம்தான். ஒன்றரை அங்குல ஆணி அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். இறுகிய பூச்சு வளைந்துகொடுக்காது; சுத்தியல் அடி சற்றுச் சாய்ந்தால் நாணயம் அளவுக்குப் பெயர்ந்து விழும். அதை அடைப்பது பெரிய வேலையில்லை. பெயிண்டர் பட்டி பார்த்து, தேய்த்து, மேலே ஒரு கோட் அடித்துவிட்டுப் போவார். வம்பு அந்த ஒரு கோட்டில்தான் இருக்கிறது. மூன்று வருஷம் வெயிலும் சமையல் புகையும் பட்ட சுவரோடு, அதே கம்பெனியின் அதே எண் பெயிண்ட்கூடச் சேராது, திட்டாகத் தெரியும். ஆக, ஒரு ஆணிக்காக ஒரு முழுச் சுவர். போதாததற்கு இப்போதைய வீடுகளில் ஒயரும் குழாயும் சுவருக்குள்ளேயே ஓடுகின்றன. எங்கே ஓடுகின்றன என்பது கட்டிய மேஸ்திரிக்கு மட்டுமே தெரியும். ஓனரின் பயத்தில் பாதியாவது நியாயமானது.

மீதிப் பாதிக்குப் பொறுப்பு வீட்டைக் கட்டிய விதம்தான். பழைய ஓட்டு வீட்டில் விளக்கு வைக்கச் சுவரிலேயே மாடம் இருந்தது. சட்டை மாட்ட மர முளை இருந்தது. ஊஞ்சலுக்கும் தொட்டிலுக்கும் உத்தரத்தில் வளையம் இருந்தது. பொருள் எங்கே தொங்கும் என்பதை யோசித்த பிறகே சுவர் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து வீடுகளில் கூரைக்குச் சற்றுக் கீழே, அறையைச் சுற்றி ஒரு மரச்சட்டம் ஓடும். படம் மாட்ட விரும்புகிறவர் அந்தச் சட்டத்தில் கொக்கியைப் போட்டுக் கயிற்றில் படத்தைத் தொங்கவிடுவார். சுவர்ப் பூச்சுக்கு ஒரு கீறல் வராது. இன்றைய அடுக்குமாடி வீடு நான்கு வெற்றுச் சுவர்களைக் கொடுத்து, தொடாதே என்றும் சொல்கிறது.

சரி, தொடாமலே என்ன செய்யலாம்?

வீடு மாறுகிற எல்லோருக்கும் தெரிந்த வண்டி ஒன்று உண்டு. 2005ல் டாடா நிறுவனம் 'ஏஸ்' என்று பெயர் வைத்து இறக்கியது. தமிழ்நாட்டில் அந்தப் பெயர் கம்பெனிக் காகிதத்தோடு நின்றுபோனது. இங்கே அது குட்டி யானை. முக்கால் டன் சுமக்கும். கட்டில், பீரோ, கிரைண்டர், துளசிச் செடி, மேலே உட்கார்ந்து வரும் மைத்துனர் எல்லோரும் அதில் அடக்கம். வாடகை வீட்டில் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வியை இந்த வண்டிதான் கற்றுத்தருகிறது: இது குட்டி யானையில் ஏறுமா? ஏறும் என்றால் நல்லதாகவே வாங்கலாம், கொஞ்சம் கடன்பட்டாலும் தப்பில்லை. ஏறாது என்றால் அந்தப் பணம் ஓனருக்குக் கொடுத்த அன்பளிப்பு. வால்பேப்பர் ஏறாது. ஃபால்ஸ் சீலிங் ஏறாது. ஜமக்காளம் ஏறும், விளக்கு ஏறும், திரைச்சீலை ஏறும், புத்தக அலமாரி கழற்றினால் ஏறும்.

இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு சிலர் நம்மைவிடத் தீவிரமாகக் கேட்டிருக்கிறார்கள். ஜப்பானில், எடோ காலத்து ஓசாகா நகரில் 'ஹதகா-கஷி' என்றொரு வாடகை முறை இருந்தது. வெற்று வீட்டை வாடகைக்குத் தருவது என்று பொருள். தரையில் விரிக்கும் தத்தாமிப் பாய்களையும் அறைகளைப் பிரிக்கும் நகரும் கதவுகளையும் குடிவருபவரே கொண்டுவர வேண்டும்; போகும்போது எடுத்துப் போகலாம். அந்தப் பகுதியில் அறையின் அளவைப் பாயின் அளவை வைத்தே தீர்மானித்தார்கள். அதனால் ஒரு வீட்டுப் பாய் அடுத்த வீட்டிலும் அப்படியே பொருந்தியது. நெதர்லாந்தில் இன்றும் பல வாடகை வீடுகள் தரைவிரிப்புகூட இல்லாமல் வெறும் கான்கிரீட்டாகக் கைமாறுகின்றன. குடிவருபவர் தன் தரையைத் தானே போட்டுக்கொள்கிறார்.

அலமாரிக்கும் இதே கேள்வி பொருந்தும். ஜெர்மானிய வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் 1960ல் வடிவமைத்த 606 என்ற அலமாரி இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. அதைச் சுவரில் திருகலாம். திருக முடியாத வீட்டில் தரைக்கும் கூரைக்கும் நடுவே கம்பங்களை இறுக்கி நிறுத்தியும் தட்டுகளை மாட்டலாம். வீடு மாறினால் கழற்றி, புது வீட்டில் வேறு விதமாக மாட்டிக்கொள்ளலாம். விலை நமக்குக் கட்டாது. ஆனால் அதற்கு ஒரு ஏழைச் சொந்தக்காரர் உண்டு. 1947ல் இங்கிலாந்தில் டிமெட்ரியஸ் காமினோ என்பவர் 'டெக்ஸியான்' என்ற பெயரில் விற்கத் தொடங்கிய, வரிசையாகத் துளையிட்ட இரும்பு ஆங்கிள். போல்ட் நட்டு போட்டு எந்த உயரத்துக்கும் தட்டு மாட்டலாம். மருந்துக் கடையிலும் கோடவுனிலும் சாம்பல் நிறத்தில் நிற்கிறதே, அந்த ரேக்தான். அதையே கறுப்பு அல்லது இலைப் பச்சை நிறத்தில் அடித்து, இரும்புத் தட்டுக்குப் பதில் தச்சரிடம் அறுத்து வாங்கிய மரப் பலகையைப் போட்டால், பல ஆயிரம் ரூபாய்க் கடை அலமாரிக்குப் பக்கத்தில் தலைநிமிர்ந்து நிற்கும். முக்கியமாக, கழற்றினால் ஒரு கட்டுக் கம்பியாகக் குட்டி யானையின் ஓரத்தில் படுத்துக்கொள்ளும்.

இந்தக் கலைக்கு ஓசாகாவும் ஜெர்மனியும் போகத் தேவையே இல்லை என்றும் ஒரு கட்சி உண்டு. அதில் வலு இருக்கிறது. ஆணி அடிக்காமல் ஒரு வீட்டின் முகத்தையே மாற்றுவது எப்படி என்பதற்குக் கொலுவைவிடச் சிறந்த பாடம் எது? டிரங்குப் பெட்டி, பெஞ்சு, எண்ணெய் டின், பழைய புத்தகக் கட்டு இவற்றை ஏறுவரிசையில் அடுக்கி, மேலே வெள்ளை வேட்டியை இழுத்து விரித்தால் படி. மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில். சீரியல் லைட்டை ஜன்னல் கம்பியில் கட்டினால் போதும். நேற்றுவரை செருப்பு ஸ்டாண்டும் நியூஸ் பேப்பரும் கிடந்த மூலை ஒன்பது நாள் அரங்கமாகிவிடும். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் கலைத்தால் டின் சமையலறைக்கும் பெட்டி கட்டிலுக்கடியிலும் போய்விடும். சுவரில் ஒரு தடம் இல்லை. சாமானை மறைத்து, உயரத்தை உண்டாக்கி, ஒரே நிறத்துணியால் ஒழுங்குபடுத்தி, விளக்கால் கண்ணை இழுப்பது என்று உள் அலங்காரப் பாடப்புத்தகம் நான்கு அத்தியாயங்களில் சொல்வதைப் பாட்டிமார் ஒரு மத்தியானத்தில் செய்து முடித்தார்கள்.

கோலமும் அப்படித்தான். தினமும் காலையில் பிறந்து மாலைக்குள் மிதிபட்டுப் போகிற சித்திரத்துக்கு எந்த ஓனரும் ஆட்சேபம் சொன்னதில்லை. (ஸ்டிக்கர் கோலம் வேறு ஜாதி. அதை உரித்தபின் தரையில் கருத்துக் கிடக்கும் பசையைப் பார்த்தவர்களுக்கு, மாக்கோலத்தின் அருமை புரியும்.)

இன்னும் கம்பீரமான உதாரணம் துணியில் இருக்கிறது. தஞ்சை மராத்திய மன்னர் காலத்தில் புகழ்பெற்ற கோடாலி கருப்பூர், அதன் அருகே உள்ள சிக்கல்நாயக்கன்பேட்டை ஆகிய ஊர்களின் கைவினைஞர்கள் வரைந்த கலம்காரித் துணிகள் கோயில்களுக்குப் போயின. மேலே கட்டும் விதானம், வாசலில் தொங்கும் தோரணத் துணி, தூண்போல் உருளையாகத் தொங்கும் தொம்பை. கல் மண்டபத்தில் யாரும் ஆணி அடிக்கவில்லை. திருவிழா வந்தால் துணி ஏறியது, மண்டபம் சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாக மாறியது. திருவிழா முடிந்தால் துணி மடிந்து பெட்டிக்குள் போனது. கருப்பூர் கலம்காரிக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு கலம்காரித் துண்டு வாங்கி, இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே தைத்து, பீரோவின் மேல் விளிம்பிலிருந்து தொங்கவிட்டுப் பாருங்கள். பீரோவின் பக்கவாட்டுத் தகரம் மறையும். ஹாலுக்கு ஒரு சித்திரம் கிடைக்கும். ஆணிக்கு வேலையே இல்லை.

துணிதான் வாடகைக்காரர் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் என்று தயங்காமல் சொல்லலாம். தரை பிடிக்கவில்லையா? உடைந்த மொசைக், கறை படிந்த டைல்ஸ் எதுவானாலும், பவானி ஜமக்காளத்தின் அடர்ந்த பட்டைக் கோடுகளுக்குக் கீழே போய்விடும். பத்தமடைப் பாயின் நயமான வகை துணிபோல மடியும். தாமிரபரணிக் கரையின் கோரை அது. சேலையின் நீளம் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். நடுவில் இரண்டாக வெட்டினால் இரண்டே முக்கால் மீட்டர் நீளத்தில் இரண்டு திரை. ஒரு ஜன்னலுக்குக் கூரையோரத்திலிருந்து தரைவரை தாராளமாகப் போதும். கட்டாமல் கிடக்கும் சுங்குடிச் சேலைக்கு இதைவிட நல்ல மறுபிறவி கிடையாது. தைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: திரையை ஜன்னல் அளவுக்குக் குட்டையாக்காமல் தரைவரை விட வேண்டும். குட்டைத் திரை அறையைக் குள்ளமாக்கும். கம்பி மாட்டத் துளை போட முடியாத இடத்தில், ஜன்னலின் இரு பக்கச் சுவர்களுக்கிடையே சுருள்வில்லால் இறுகி நிற்கும் ஸ்பிரிங் கம்பி இருக்கிறது. கனமான துணியை அது தாங்காது. பருத்திச் சேலையைத் தாங்கும்.

அடுத்தது விளக்கு. நம் வீடுகள் பெரும்பாலும் கெட்டுப்போவது சுவரால் அல்ல, டியூப் லைட்டால். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். பெட்டியின் மேல் 6500 கே என்று போட்டிருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை, மேகமூட்ட நடுப்பகலின் நிறம். பழைய குண்டு பல்பு சுமார் 2700 கே, அந்தி மஞ்சள். மேலிருந்து ஒரே இடத்திலிருந்து கொட்டும் 6500 கே வெளிச்சத்தில் தாஜ்மகாலும் ரேஷன் கடை மாதிரிதான் தெரியும். வெக்கையான ஊரில் வெள்ளை வெளிச்சம் குளிர்ச்சியாகத் தோன்றுகிறது என்பது அதை விரும்புவதற்குச் சொல்லப்படும் காரணம். சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் அது சரியே. ராத்திரி எட்டு மணிக்கு மனிதர்கள் உட்கார்ந்து பேசும் ஹாலுக்கு அது தேவையில்லை.

இதைச் சரிசெய்ய ஓனரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிளக்கில் சொருகும் மேசை விளக்கு ஒன்று, தரையில் நிற்கும் விளக்கு ஒன்று, ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு. பல்பு வாங்கும்போது 'வார்ம் ஒயிட்' என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் கடைக்காரர் கை தானாக வெள்ளைக்குத்தான் போகும். இன்னொன்று: நம் ஊர் ஹோல்டர் பெரும்பாலும் இரண்டு காது வைத்த பி22 வகை, ஆன்லைனில் வாங்கும் அழகு விளக்குகள் பல திருகும் இ27 வகை. மாற்றிக் கொடுக்கும் அடாப்டர் எலக்ட்ரிக்கல் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். விளக்குகளைக் கண் மட்டத்துக்குக் கீழே, அறையின் மூலைகளில் வைத்துவிட்டு மேல் டியூபை அணைத்துப் பாருங்கள். சுவரின் திட்டும் கறையும் இருட்டுக்குள் போய்விடும். வெளிச்சம் எங்கே விழுகிறதோ அதுதான் வீடு.

இனிச் சுவர். ஆணிக்கு மாற்றாக ஒட்டுக் கொக்கிகள் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. 3எம் நிறுவனத்தின் 'கமாண்ட்' பட்டைகள் 1996ல் சந்தைக்கு வந்தன. பட்டையின் நுனியைச் சுவரோடு ஒட்டினாற்போல் கீழ்நோக்கி மெதுவாக இழுத்தால், பசை ரப்பர்போல் நீண்டு மெலிந்து, சுவரைவிட்டுச் சத்தமில்லாமல் கழன்றுவிடும். நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் நம் ஊரில் வாங்கியவர்களில் பலர் அதைத் திட்டுகிறார்கள். நடுராத்திரியில் படம் விழுந்து கண்ணாடி உடைந்தது என்பார்கள், எடுக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வந்தது என்பார்கள். குற்றம் பெரும்பாலும் பட்டையில் இல்லை. சுவரில் இருப்பது எது என்று பார்க்காமல் ஒட்டியதில் இருக்கிறது. உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளையாக ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். சாக்கட்டித் தூளை மெல்லிய பசையில் குழைத்து அடித்தது. பட்டை அந்தத் தூளைத்தான் பிடித்துக்கொள்கிறது, சுவரை அல்ல. கை சுத்தமாக வந்தால் எமல்ஷன், ஒட்டலாம். புதுப் பெயிண்ட் என்றால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். ஒட்டிய உடனே மாட்டாமல் ஒரு மணி நேரம் விட வேண்டும். ஐப்பசி அடைமழையில் வியர்க்கும் சுவரில் எதையும் ஒட்டக் கூடாது என்பது கம்பெனி அட்டையில் இல்லாத, சென்னைக்கு மட்டுமான விதி.

டிஸ்டெம்பர் சுவருக்கு என்ன வழி? சுவரை விட்டுவிடுவதே வழி. ஜப்பானில் இதற்கென்றே ஒரு சாமான் இருக்கிறது. மரக் கம்பத்தின் இரண்டு முனைகளிலும் தொப்பியை மாட்டி, சுருள்வில்லாலோ திருகாலோ தரைக்கும் கூரைக்கும் நடுவே இறுக்கி நிறுத்துவது. 'டயாவால்', 'லாப்ரிகோ' என்ற பெயர்களில் விற்கிறார்கள். இரண்டு கம்பம் நின்றுவிட்டால் அவற்றுக்கிடையே பலகை அடித்து, அந்தப் பலகையில் எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். வாடகைச் சுவருக்கு முன்னால் ஒரு சொந்தச் சுவர்! அது கிடைக்காத இடத்தில் எளிய வழி, படத்தை மாட்டாமல் சாய்த்து வைப்பது. பெஞ்சின் மேலோ, அலமாரித் தலையிலோ பெரிதும் சிறிதுமாக நான்கு சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று லேசாக மறைந்து நின்றால் மாட்டியதைவிட நன்றாகவே இருக்கும். வாரம் ஒருமுறை இடம் மாற்றவும் முடியும்.

சாய்த்து வைப்பதில் ஒரு எல்லை உண்டு. அழகைவிடப் பெரிய விஷயம் அது. உயரமான இழுப்பறை அலமாரியைச் சுவரோடு பிணைக்காமல் நிறுத்தினால், இழுப்பறையைப் பிடித்துக் குழந்தை ஏறும்போது அப்படியே கவிழும். குழந்தைகள் இறந்ததையடுத்து, 2016ல் ஐகியா நிறுவனம் 'மால்ம்' உள்ளிட்ட சுமார் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளை அமெரிக்காவில் திரும்பப் பெறுவதாக அறிவிக்க நேர்ந்தது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் ஓனரிடம் போய்ச் சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்கி, அந்த இரண்டு திருகைப் போட்டே ஆக வேண்டும். அவர் மறுத்தால் உயரமான அலமாரியே வேண்டாம். இடுப்பளவுக்கு மேல் போகாத சாமான்களோடு வாழ்வது நமக்குப் புதிதும் அல்ல. திண்டு, மணை, பாய், தாழ்ந்த கயிற்றுக் கட்டில் என்று தரையோடு வாழ்ந்த வீடுகளில் கூரை உயரமாகத் தெரிந்தது. அறை பெரிதாகத் தெரிந்தது.

இதுவரை சொன்னது ஓனரின் நிபந்தனைகளை அப்படியே ஏற்றுக்கொண்டு செய்யக்கூடியது. அந்த நிபந்தனைகள் எல்லாமே செல்லுமா என்பது தனிக் கேள்வி. ஓனரின் உரிமை எங்கே முடிகிறது என்ற கோட்டை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு இடத்தில் போட்டிருக்கிறது.

ஜப்பானில், வீட்டைக் காலி செய்யும்போது யார் எதற்குக் காசு கொடுப்பது என்று அரசே வழிகாட்டி நூல் வெளியிட்டது. 1998ல் வந்து, பின்னர் 2004லும் 2011லும் திருத்தப்பட்டது. நாட்காட்டி, போஸ்டர் மாட்டக் குத்திய குண்டூசித் துளை சாதாரண வாழ்க்கையின் தேய்மானம். குடியிருந்தவர் காசு தர வேண்டியதில்லை. ஆணி, திருகு அடித்து உள்பலகையையே மாற்ற வேண்டி வந்தால் அவர் பொறுப்பு. அதைவிட நுணுக்கமான விதி, சுவர்த்தாளின் மதிப்பு ஆறு வருஷத்தில் ஒரே ஒரு யென்னாகத் தேய்ந்துவிட்டதாகக் கணக்கு வைப்பது. ஆறு வருஷம் குடியிருந்தவரிடம் புதுச் சுவர்த்தாளுக்கு முழுப் பணம் கேட்க முடியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 மார்ச் 29 முதல், படக் கொக்கியும் அலமாரித் திருகும் போட அனுமதியே கேட்க வேண்டியதில்லை. பூச்சில்லாத செங்கல் சுவரும் கான்கிரீட் சுவரும் விலக்கு. ஜெர்மனி நிறத்தில் கறார். வெள்ளையாக 2007ல் வாடகைக்கு எடுத்த வீட்டைச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக 2009ல் திருப்பிக் கொடுத்த குடித்தனக்காரர், மறுபடி பெயிண்ட் அடிக்கும் செலவுக்கு ஈடுகட்ட வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. குடியிருக்கும்வரை உன் நிறம் உன் இஷ்டம். போகும்போது பலருக்கும் ஒத்துவரும் நிறத்தில் விட்டுப்போ என்பது அதன் சாரம்.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் ஆணியைப் பற்றித் தனியாக ஒன்றுமில்லை. வாடகைக்காரர் வீட்டை வாங்கிய நிலையில் வைத்திருக்க வேண்டும், சாதாரணத் தேய்மானம் நீங்கலாக என்கிறது. யார் எதைப் பழுதுபார்ப்பது என்ற பட்டியல் அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், கதவுப் பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் குடியிருப்பவர் தலையில். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஓனர் தலையில். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு கதை. காலி செய்யும் நாளில் 'பெயிண்டிங் சார்ஜ்' என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வது சென்னையின் ஊர் வழக்கம். கழித்துக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அந்த அட்டவணையைப் பார்த்திருப்பார்கள்? பத்து மாத அட்வான்ஸும் அப்படி ஒரு வழக்கம்தான். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது சட்டம்.

ஆகவே அழகுபடுத்தும் வேலையின் முதல் நாள், திரைச்சீலைக் கடையில் தொடங்குவதில்லை. ஒப்பந்தத்தைப் படிப்பதில் தொடங்குகிறது. இரண்டாவது வேலை, சாமான் இறங்கும் முன் காலி வீட்டை மூலைமூலையாக போனில் படமெடுத்து, அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது. ஏற்கெனவே இருக்கும் ஆணி, ஏற்கெனவே இருக்கும் விரிசல், ஏற்கெனவே இருக்கும் ஓதம். இந்த அரை மணி நேர வேலை, இரண்டு வருஷம் கழித்து வரப்போகும் ஒரு மணி நேரச் சண்டையை மிச்சப்படுத்தும். ஏற்கெனவே இருக்கும் ஆணிகளை எண்ணிக்கொள்வதில் இன்னொரு லாபமும் உண்டு. முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன அந்த ஆணிகள் உங்களுக்குச் சட்டபூர்வமான சொத்து மாதிரி. எங்கே ஆணி இருக்கிறதோ அங்கே படம் என்று திட்டம் போடலாம்.

சமையலறைக்கும் பால்கனிக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டைல்ஸ் மேல் ஒட்டும் அலங்காரத் தாள்கள் இப்போது மலிவாக வருகின்றன. எண்ணெய்ப் பிசுக்கும் அடுப்புச் சூடும் படுகிற இடத்தில் அவை ஒரு வருஷம் தாங்கினால் பெரிது. ஓரம் சுருண்டுகொண்டு, வெறும் டைல்ஸைவிட அசிங்கமாக நிற்கும். தவிர்ப்பது நல்லது. ஏற்கெனவே ஒட்டித் தொலைத்திருந்தால், ஹேர் டிரையர் சூட்டில் இளக்கி உரித்து, மிச்சப் பசையை நீலகிரித் தைலம் தொட்ட துணியால் தேய்த்தால் போய்விடும். செடிக்குத் தட்டு வையுங்கள், மண்ணில் தேங்காய் நார்க் கழிவைக் கலந்தால் தொட்டியின் எடை குறையும். கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போடும் நேரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஓனருடைய டியூப் லைட்டையும் பழைய திரைக் கம்பியையும் கழற்றினால் துடைத்துப் பேப்பரில் சுற்றிப் பரணில் வைக்க வேண்டும். காலி செய்யும் அன்று அவை திரும்ப அதே இடத்துக்கு ஏற வேண்டும். கொடுத்ததைக் கொடுத்தபடி வாங்கிக்கொண்ட ஓனர், அடுத்த வீடு தேடும்போது உங்களுக்காக நல்ல வார்த்தை சொல்வார். சென்னையில் வீடு கிடைக்க அது பெரிய முதல்.

இந்த அவையில் வாடகைக்கு வீடு விடுகிறவர்களும் சிலர் உட்கார்ந்திருக்கக்கூடும். கடைசி வார்த்தை அவர்களுக்கு. அடுத்த முறை வீடு காலியாகி, பெயிண்ட் அடிக்க ஆள் வரும்போது, அதற்கு முந்தின நாள் ஒரு தச்சரைக் கூப்பிடுங்கள். ஹாலின் நீளச் சுவரில், கூரைக்கு ஓரடி கீழே, இரண்டங்குல மரச்சட்டம் ஒன்றை ஒழுங்காகத் துளை போட்டுத் திருகச் சொல்லுங்கள். ஒயர் எங்கே ஓடுகிறது என்பதை உங்கள் மேஸ்திரியிடம் கேட்டுக்கொள்ள உங்களால்தான் முடியும். சுவர் நிறத்திலேயே அதற்கும் பெயிண்ட் அடித்துவிட்டால் இருப்பதே தெரியாது. அப்புறம் வீடு பார்க்க வருகிறவரிடம், ஜன்னலையும் குழாயையும் காட்டுகிற கையோடு அந்தச் சட்டத்தையும் காட்டுங்கள். ஆணிப் பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள்.